கட்டம் நாற்பத்தொன்றும் நாற்பத்திரண்டும்

தரமணி, ஆறாவது மாடி, இரவு இரண்டேகால்.
ஏசிக்குப் பயந்து துப்பட்டாவைத் தலையோடு சுற்றியிருக்கிறேன்.
கீழே கண்ணாடிக் கூண்டுக்குள்
தொண்ணூற்றாறு கணினிகள் ஒரே மழையைக்
கூறு போட்டுப் பெய்துகொண்டிருந்தன.
நின்றுவிட்டன.

பிழைச் செய்தி இல்லை. புகை இல்லை.
சும்மா நிற்கின்றன,
சிக்னல் செத்த மத்திய கைலாஷில்
நாலு பக்கமும் மூக்கை நுழைத்த வண்டிகள் மாதிரி.

நகரத்தை நாங்கள் பொருள்களாக வெட்டியிருந்தோம்.
பொருள் என்றால் பள்ளிக்கூடத்தில் அர்த்தம்,
அப்பா வாயில் காசு,
எனக்குச் சம்பளம் போடும் மொழியில்
தன் நீர்மட்டத்தைத் தனக்குள்ளேயே பொத்தி வைத்திருக்கும் ஒரு கட்டம்.
அகம் அவளுக்கு மட்டும்.
புறத்தில் மூன்றே கதவு:
மழை வாங்கு, வழிய விடு, கேட்டால் சொல்.
இன்னொருத்தியின் அகத்துக்குள் கை விட்டு
தண்ணீர் எவ்வளவு என்று துழாவ முடியாது.
தூது அனுப்பலாம், அவ்வளவுதான்.

நாற்பத்தொன்று வேளச்சேரி.
நாற்பத்திரண்டு பள்ளிக்கரணைச் சதுப்பு.
சர்புதீன் பதிவுக் கோப்பைத் திறந்து
நாடக வசனம் போல் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தான்:
"எவ்வளவு ஏற்பாய்?" கேட்டது நாற்பத்தொன்று.
"எவ்வளவு அனுப்புவாய்?" கேட்டது நாற்பத்திரண்டு.
கேட்டவள் தனக்குப் பதில் வரும்வரை
யாருக்கும் வாய் திறக்கமாட்டாள்.
அப்படித்தான் எழுதியிருந்தேன், போன ஆடியில், நானே.
அவர்களுக்குப் பின்னால் ஆதம்பாக்கம், நங்கநல்லூர்,
கையில் மழையோடு வரிசையில்.

வேவு பார்க்க ஒரு வரி சேர்த்தோம்.
அடுத்த ஓட்டத்தில் சிக்கல் வரவேயில்லை.
வரியை எடுத்தோம். வந்தது.
"ஆள் பாத்தா மட்டும் ஒழுங்கா நடக்குதுங்க அக்கா" என்றான்.
சிரிக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

வியாசர்பாடியில் ஒரு வீடு பூட்டிக் கிடக்கிறது.
பத்திரம் அவனிடம்.
சாவி என்னிடம்.
சாவி கொடு, பத்திரம் காட்டுகிறேன் என்றான்.
பத்திரம் காட்டு, சாவி தருகிறேன் என்றேன்.
பதினோரு மாசம்.
உள்ளே ஒரு தையல் மிஷின், மாட்டி வைத்த பாதி ஜாக்கெட்டோடு.
அகத்தில் பேர் சொல்லக் கூடாது என்பது பழைய விதி,
சொல்லவில்லை. என்னைவிட நாலு வயது சின்னவன்.

வேலையிலிருந்து வாழ்க்கைக்குப் பாடம் உருவுகிறவர்கள்
எனக்கு ஆகாது.
இது பாடமில்லை. மூன்று மணிக்கு விழித்திருப்பவளுக்கு
எதைப் பார்த்தாலும் இன்னொன்றாகத் தெரியும்.

திருத்தம் சின்னது, பதினேழு வரி.
கேள். கேட்டுவிட்டு நிற்காதே.
வாசலில் ஒரு வெற்றுச் சீட்டு வை,
பதில் வருகிறபோது அதில் எழுதிக்கொள்ளும்.
அதுவரை உன்மேல் விழும் மழையை எண்ணு.

"பதிலே வராட்டி?"
வராவிட்டால் கணக்கு கொஞ்சம் தப்பும்.
நிற்பதைவிடத் தப்புவது மேல் என்று நாக்கு நுனிவரை வந்தது.
சொல்லவில்லை. வெள்ளக் கணக்கில் 'கொஞ்சம்' என்பது
யாரோ ஒருத்தரின் கட்டில் உயரம்.

நாலரைக்கு மழை மறுபடி பிடித்தது, திரையில்.
நீலம் தெற்கே நகர்ந்து சதுப்பில் இறங்கியது.
சர்புதீன் மேஜையிலேயே தூங்கிப்போனான்.
வெளியே நிஜத்தில் ஒரு சொட்டு இல்லை,
கார்த்திகைப் புழுக்கம்.

முதல் பறக்கும் ரயில்.
பெட்டியில் நானும் மூன்று கூடை சாமந்தியும்.
கோட்டூர்புரம் தாண்டி அடையாற்றின் மேல் போகும்போது
தட்டச்சு செய்தேன்:
சாவி எதிர்வீட்டு செலின்கிட்ட இருக்கு.
அனுப்பினேன். போனைக் கவிழ்த்துப் பைக்குள் போட்டேன்,
சாவியின் மேலேயே விழுந்தது.

செலினிடம் இன்னும் கொடுக்கவில்லை.
கடற்கரையில் இறங்கி
ஆவடி வண்டி பிடிக்க வேண்டும்.